பசியுள்ள தண்ணீர்

பிப்ரவரி 4

தம்பிக்கு,

போனில் உன்னிடம் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நீ கத்துகிறாய், நாலாவதில் நான் வைத்துவிடுகிறேன். அதனால் இனிமேல் எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன். கடிதத்துக்கு நடுவில் புகுந்து யாரும் கத்த முடியாது.

"தண்ணி டெஸ்ட் பண்ற உனக்கு டியூப்பைப் பத்தி என்ன தெரியும்? கையெழுத்தை மட்டும் போடு" என்றாய். பதினெட்டு வருடமாக இந்த ஊர் குடிக்கிற தண்ணீரைச் சோதிக்கிறேன். டியூப் செய்ய எனக்குத் தெரியாதுதான். ஆனால் முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து, இரண்டு வருடமாக அப்பாவுக்குச் சிறுநீர் போவது அந்த டியூப் வழியாகத்தான். அது அடைத்துக்கொண்டு அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்ளும்போது பக்கத்தில் நிற்பது நான். நீ இல்லை. சரி, சொல்லி ஆயிற்று. இனி அந்தப் பேச்சு வேண்டாம்.

நீ அனுப்பிய படிவம் மேஜை மேல் இருக்கிறது. உன் புது டியூப்பை முதன்முதலாகப் போட்டுப் பார்க்கப்போகிற பன்னிரண்டு பேரில் அப்பாவும் ஒருவர். அவர் உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார். "சின்னவன் செஞ்சது. நான் போட்டுக்காம வேற யாரு போட்டுக்கறது?" என்கிறார். 'பராமரிப்பவர்' என்ற இடம்தான் காலியாக இருக்கிறது.

நீ அப்பாவுக்கு அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். வெள்ளைக் கோட்டில் உன் சோதனை மேஜைக்கு முன்னால் நிற்கிறாயே, அது. அப்பா உன் முகத்தைப் பார்த்து "இளைச்சுட்டான்" என்றார். நான் உனக்குப் பின்னால் இருந்த சிங்க்கைப் பார்த்தேன். தொழில் புத்தி, என்ன செய்ய. குழாய்க்கு நேர் கீழே, வெள்ளைப் பீங்கானில், நீலமும் பச்சையும் கலந்த ஒரு கோடு. அந்த நிறம் சும்மா வராது.

என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். உன் சோதனைக்கு எந்தத் தண்ணீரை எடுத்தாய்? பதில் வந்த பிறகு கையெழுத்தைப் பற்றிப் பேசலாம்.

அக்கா


பிப்ரவரி 10

அக்காவுக்கு,

நான்கு வருட உழைப்பைச் சிங்க்கில் இருக்கிற கறையை வைத்து எடை போடுகிற ஒரே ஆள் உலகத்தில் நீயாகத்தான் இருப்பாய். இதற்கு நீ போனிலேயே திட்டியிருக்கலாம்.

என்ன செய்திருக்கிறேன் என்றாவது உனக்குத் தெரிய வேண்டும். பூச்சி தின்னும் குடுவைச் செடி தெரியுமல்லவா? அதன் வாய் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத வரிகள் இருக்கின்றன. அந்த வரிகளில் ஈரம் ஒரு படலமாக நிற்கும். எறும்பு காலை வைத்தால் ஊன்ற இடமில்லாமல் வழுக்கி உள்ளே விழும். அதே வரிகளை டியூப்பின் உட்சுவரில் பதித்து, மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றை நிறுத்தியிருக்கிறேன். கிருமி வந்து உட்கார்ந்தால்தானே குடும்பம் நடத்தும்? உட்காரவே இடமில்லை என்றால்?

மனித உடம்பின் சூட்டில் ஒரு கண்ணாடிப் பை. அதற்குள் யூரியாவும் உப்புகளும் கரைத்துச் செய்த செயற்கைச் சிறுநீர், கிருமி கலந்து. அது இரவும் பகலும் டியூப் வழியாக ஓடும். சாதா டியூப்புகள் ஆறு நாளில் கல் படிந்து அடைத்துவிட்டன. என் டியூப் முப்பது நாள் ஓடியது. அறுத்துப் பார்த்தோம், உள்ளே ஒரு மணல் துகள்கூட இல்லை. எங்கள் டைரக்டர், யாரையும் பாராட்டி வாய் திறக்காத மனிதர், என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

தண்ணீர் தண்ணீர்தான், அக்கா. எங்கள் லேபில் இருக்கிற இரண்டு சோதனை மேஜைக்கும் ஒரே சுத்திகரிப்பு மெஷினிலிருந்துதான் வருகிறது. உப்பு கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. உன் ஊர்க் குழாயில் வருவதைவிடச் சுத்தம். உன் திருப்திக்காக இரண்டு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். ஜன்னலோர மேஜைக் குழாயில் பிடித்தது ஒன்று, மூலை மேஜைக் குழாயில் பிடித்தது ஒன்று. எழுதி ஒட்டியிருக்கிறேன், இல்லாவிட்டால் அதற்கும் திட்டுவாய்.

படிவம் மார்ச் இருபதுக்குள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்பாவுக்கு மாதம் ஒரு முறையாவது அந்த அவஸ்தை குறையும். அதை நினைத்துப் பார்.

தம்பி


பிப்ரவரி 18

தம்பிக்கு,

பாட்டில்கள் உடையாமல் வந்தன. லேபிள் சரியாக ஒட்டியிருந்தாய். தேதி போடவில்லை, போகட்டும்.

ஜன்னல் பாட்டிலில் நீ சொன்னபடி ஒன்றுமே இல்லை. மூலை பாட்டிலில் லிட்டருக்கு மூன்று மில்லிகிராம் செம்பு இருக்கிறது. உன் சிங்க்கில் இருந்த கோட்டின் நிறம் அதுதான். முதலில் என் மெஷின் மேல்தான் சந்தேகப்பட்டேன். கழுவி மறுபடி பார்த்தேன். பிறகு பக்கத்து மேஜைக்காரியிடம் எந்தப் பாட்டில் எது என்று சொல்லாமல் கொடுத்தேன். அவளுக்கும் மூன்றுதான் வந்தது. "இது எந்தப் பேட்டைத் தண்ணி? அங்க உடனே ஆள் அனுப்பணுமே" என்று பதறினாள்.

சுத்தமான தண்ணீர் நல்ல தண்ணீர் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கள் ஆபீசில் அதற்குப் பசியுள்ள தண்ணீர் என்று பெயர். தன்னிடம் எதுவும் இல்லாததால், போகிற வழியில் எந்த உலோகத்தைத் தொட்டாலும் கொஞ்சம் கடித்து வாயில் போட்டுக்கொண்டு வரும். ஊர்த் தண்ணீர் சுண்ணாம்பு தின்று வயிறு நிறைந்து வருவதால் குழாயை அவ்வளவாகத் தொடாது. உன் மெஷின் அந்தத் தண்ணீரைப் பட்டினி போட்டு அனுப்புகிறது. மூலைக் குழாய்க்குப் போகிற வழியில் எங்கேயோ அதற்குச் சாப்பாடு கிடைக்கிறது.

இப்போது நான் கேட்கப்போவதை மனதில் வைத்துக்கொண்டு கோபப்படாதே. சாதா டியூப்புகளை எந்த மேஜையில் ஓட்டினாய்? புது டியூப்புகளை எந்த மேஜையில்?

அக்கா


பிப்ரவரி 24

அக்காவுக்கு,

கோபம் வந்தது. இரண்டு நாள் உன் கடிதத்தை டிராயரில் போட்டு மூடிவைத்தேன். மூன்றாவது நாள் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு சிங்க்குக்கு அடியில் படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். லேபைப் பெருக்குகிற அம்மா வந்து, "சார், ஏதாவது விழுந்துடுச்சா?" என்றார். ஆமாம் என்றேன்.

மெஷினிலிருந்து சுவர் வரை பிளாஸ்டிக் குழாய்தான். சுவரிலிருந்து மூலை வரை மூன்று மீட்டர் செம்புக் குழாய். போன வருடம் மூலை மேஜையைப் புதிதாகப் போட்டபோது, பிளம்பர் கையில் இருந்ததை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அவர் மேல் தப்பில்லை. தண்ணீர் வந்தது, நாங்கள் நன்றி சொன்னோம்.

உன் கேள்விக்குப் பதில்: சாதா டியூப் எல்லாம் ஜன்னல் மேஜை. புது டியூப் எல்லாம் மூலை மேஜை. இரண்டும் ஒன்றோடு ஒன்று கலந்துவிடக் கூடாது என்று நானே சட்டம் போட்டேன். சிவப்பு நாடா ஒட்டிக் கோடுகூடக் கிழித்தேன். தப்பே நடக்கக் கூடாது என்று நான் எடுத்த ஜாக்கிரதை அது.

ஆனாலும் மூன்று மில்லிகிராம் என்ன செய்துவிடும்? ஒரு கல் உப்பு அளவுகூட இல்லை. என் டியூப் வேலை செய்கிறது என்றுதான் இன்னமும் நம்புகிறேன். இன்று காலை டியூப்புகளை இடம் மாற்றிவிட்டேன். புதுசு ஜன்னலுக்கு, சாதா மூலைக்கு. யாரிடமும் காரணம் சொல்லவில்லை. நீயும் அப்பாவிடம் சொல்லாதே.

தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

நீ காத்திருக்கிறாய் என்று தெரியும். எனக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. மூன்று மில்லிகிராம் என்ன செய்துவிடும் என்று எழுதினாய் அல்லவா, அந்த வரி மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது.

அப்பாவின் டியூப்பில் மாட்டியிருக்கிற பையிலிருந்து சிறுநீரை இரண்டு பாட்டிலில் பிடித்தேன். ஒன்றில் உன் மூலைத் தண்ணீரில் இருந்த அளவு செம்பு சேர்த்தேன். மற்றதில் ஒன்றும் சேர்க்கவில்லை. ஆபீசில் ஒரு மூலையில் மூடி வைத்தேன். மறுநாள் மாலை திறந்தால், சும்மா இருந்த பாட்டிலில் கண்ணைக் கரிக்கிற நெடி. அடியில் வெள்ளையாக மணல் இறங்கியிருந்தது. செம்பு போட்ட பாட்டில் அப்படியே தெளிவாக இருந்தது. நெடியும் இல்லை, மணலும் இல்லை. ஏன்? கிருமி செத்துவிட்டதா, அல்லது வேறு ஏதாவதா? நீதான் படித்தவன், சொல்.

அப்பாவுக்குக் கொள்ளைச் சிரிப்பு. "முப்பது வருஷம் கண்டக்டரா இருந்தேன். ஒரு நாள்கூட யாரும் என்கிட்ட கேட்டு எதையும் எடுத்துட்டுப் போனதில்ல. இப்ப இதுக்கு லேபிள் ஒட்டி எடுத்துட்டுப் போறா!" என்கிறார். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால் நான் பொய் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது போலும்.

வியாழக்கிழமை மறுபடி அடைத்துக்கொண்டது. பத்தொன்பதாவது நாள். நான் ஆபீசிலிருந்து வருவதற்குள் வயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. டியூப்பை மாற்றி, பை நிறைந்த பிறகு, "டிராபிக் கிளியர். வண்டியை எடு" என்றார். முகம் மட்டும் வெளுத்திருந்தது. அவர் இப்படி ஜோக்கடிக்கும்போதுதான் எனக்கு அழுகை வருகிறது. உன் டியூப் வேலை செய்ய வேண்டும் என்று உன்னைவிட அதிகமாக வேண்டிக்கொள்கிறவள் நான். அதை நீ புரிந்துகொண்டதே இல்லை.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

ஜன்னலில் இருந்த என் டியூப் எட்டாவது நாள் அடைத்துக்கொண்டது. மூலையில் இருக்கிற சாதா டியூப், கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம், பதிமூன்றாவது நாளாகச் சொட்டச் சொட்ட ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போதும் அதற்கு முன்னால் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு.

உன் பாட்டிலுக்குப் பதில்: கிருமி சாகவில்லை என்று நினைக்கிறேன். அது யூரியாவை உடைத்துத்தான் நெடியைக் கிளப்புகிறது. நெடி ஏறினால் சிறுநீரின் புளிப்பு போய்விடும். புளிப்பு போனால், கரைந்திருக்கிற உப்பெல்லாம் கல்லாக இறங்கும். யூரியாவை உடைக்க அதற்கு ஒரு கருவி இருக்கிறது. அந்தக் கருவியின் வாயை அடைக்கத் துளி செம்பு போதும். இது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. நான் படித்திருக்கிறேன், பரீட்சையில்கூட எழுதியிருக்கிறேன்.

அதே ஜன்னல் மேஜையில் சாதா டியூப் ஆறு நாள் ஓடியது, என் டியூப் எட்டு நாள் ஓடுகிறது. குடுவைச் செடி முழுப் பொய் இல்லை. ஆனால் அந்த முப்பது நாள் என்னுடையதல்ல, பிளம்பருடையது.

டைரக்டரிடம் பாதி சொன்னேன். குழாயில் ஏதோ சந்தேகம் இருக்கிறது என்ற அளவுக்கு. "எல்லாத் தேதியும் குறிச்சாச்சு. யாருக்கும் கெடுதல் வராது இல்ல? சாதா டியூப்பைவிட மோசமில்லையே? முதல்ல ஆரம்பிப்போம், பின்னால சரி பண்ணிக்கலாம்" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிற மாதிரியே தோன்றுகிறது. அதுதான் பயமாக இருக்கிறது. மீதிப் பாதியைச் சொன்னால் நான்கு வருடமும் போயிற்று, நான் நடத்துகிற இந்தக் குழுவும் என் கையை விட்டுப் போய்விடும். ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பவில்லை.

நீயாக இருந்தால் என்ன செய்வாய்?

தம்பி


மார்ச் 13

தம்பிக்கு,

நானாக இருந்தால் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்கிறாய். அதனால் சொல்ல மாட்டேன்.

இதோடு அப்பாவின் படிவத்தை வைத்திருக்கிறேன். 'பராமரிப்பவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தேதி மட்டும் போடவில்லை. அப்பாவுக்கு அந்த டியூப்பைப் போடலாம் என்று உனக்குத் தோன்றினால், தேதியை நீயே எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. பன்னிரண்டு பேரில் முதல் ஆள் அவராகவே இருக்கட்டும்.

கையெழுத்துப் போடுவதற்குள் இரண்டு தரம் பேனாவை மூடி வைத்தேன். உன்மேல் சந்தேகத்தால் இல்லை.

அக்கா


மார்ச் 17

அக்காவுக்கு,

படிவம் வந்த அன்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினொரு பேர் என்றால் வெறும் எண். பன்னிரண்டாவது ஆளுக்கு நம் அப்பாவின் கோணல் கையெழுத்து இருக்கிறது. தேதி எழுத வரவில்லை. படிவத்தை நாலாகக் கிழித்தேன். நீ இப்படிச் செய்வாய் என்று எதிர்பார்க்கவே இல்லை. பெரிய ராட்சசி நீ.

ஆஸ்பத்திரிக்குக் கடிதத்தை அனுப்பிவிட்டேன். டைரக்டரின் அறைக்குப் போய் மீதிப் பாதியையும் சொன்னேன். கூப்பிட்டுக்கொண்டு போய்ச் செம்புக் குழாயைக் காட்டினேன். அவரும் தரையில் மண்டியிட்டுப் பார்த்தார். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, "கையைக் குலுக்கினேனே உனக்கு" என்று மட்டும் சொன்னார். பன்னிரண்டு பேருக்கும் தகவல் போய்விட்டது. குழுவை வேறொருவர் பார்த்துக்கொள்வார். எனக்கு ஜன்னல் மேஜை மட்டும் மிச்சம், அதுவும் வருடக் கடைசி வரை.

அப்பாவிடம் நீயே சொல்லிவிடு. எனக்கு வாய் வராது. அவர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருப்பார்.

பெரிய அவமானமாக இருக்கிறது, அக்கா. நீ அந்தச் சிங்க்கைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

தம்பி


மார்ச் 22

தம்பிக்கு,

அப்பாவிடம் சொன்னேன். முதலில் நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டார். பிறகு, "தப்பான வண்டியில ஏறிட்டோம்னு தெரிஞ்சா அடுத்த ஸ்டாப்பில இறங்கணும். கடைசி ஸ்டாப் வரைக்கும் உட்கார்ந்திருக்கறவனத்தான் நான் திட்டுவேன். சின்னவன் இறங்கிட்டான்ல?" என்றார். பிறகு டிவியைப் போடச் சொன்னார். அவ்வளவுதான். நீ பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை.

இப்போது உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு வருடமாக அப்பாவுக்கு மாற்றிய டியூப் ஒன்றையும் நான் எறியவில்லை. கழுவிக் காயவைத்து, போட்ட தேதி, எடுத்த தேதி, அந்த வாரம் வீட்டுத் தண்ணீரில் இருந்த சுண்ணாம்பு அளவு எல்லாம் எழுதி, பெரிய பிஸ்கட் டின் ஒன்றில் அடுக்கி வைத்திருக்கிறேன். முப்பத்தேழு இருக்கிறது. எதற்கு என்று கேட்காதே. எடுத்து வைக்காமல் இருக்க முடியவில்லை. நீ கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். நீ கேட்கவில்லை. கண்ணாடிப் பையிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாய்.

நேற்று எல்லாவற்றையும் தரையில் வரிசையாகப் பரப்பினேன். பதினெட்டு நாள், இருபத்திரண்டு நாள், பதினைந்து நாள், இப்படியே போகிறது. தண்ணீரில் சுண்ணாம்பு கூடினாலும் குறைந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. பதினேழாவது டியூப் மட்டும் அறுபத்து மூன்று நாள். அதுவும் அடைத்து எடுக்கவில்லை, தேதி ஆகிவிட்டது என்று நர்ஸ் மாற்றியது. அதே கம்பெனி, அதே அளவு, அதே வீட்டுக் குழாய். நீளவாக்கில் அறுத்து உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தேன், வழவழவென்று இருக்கிறது.

தேதியைப் பார்த்தேன். நீ காலை உடைத்துக்கொண்டு வந்து இரண்டு மாதம் இங்கே கிடந்தாயே, அதே நாட்கள். நான் காலையில் போனால் மாலைதான் வருவேன். பகலில் நீங்கள் இரண்டு பேரும் என்ன செய்தீர்கள்? அவரைக் கேட்டால் "சும்மா இருந்தோம்" என்கிறார். சும்மா இருந்தால் அறுபத்து மூன்று நாள் வராது.

அக்கா


மார்ச் 27

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். என்ன செய்தோம் என்றால், சீட்டு ஆடினோம். காலையில் நீ வாசல் தாண்டியதும் அப்பா சீட்டுக்கட்டை எடுத்துவிடுவார். நீ திட்டுவாய் என்று உன்னிடம் சொல்லவில்லை. தோற்றவர் எலுமிச்சம்பழம் பிழிந்த ஒரு பெரிய டம்ளர் தண்ணீரைக் கீழே வைக்காமல் குடிக்க வேண்டும், அதுதான் பந்தயம். பை நிறைந்தால் உனக்கு வேலை என்று அவர் வழக்கமாக வாயை நனைப்பதோடு நிறுத்திக்கொள்வார் அல்லவா? அப்போது அப்படி இல்லை. நான் நொண்டிக்கொண்டே போய்ப் பையைக் காலி செய்வேன். ஒரு நாளைக்கு எட்டு ஆட்டமாவது தோற்பார். எட்டு டம்ளர்.

அத்தனை தண்ணீர் ஓடினால் கல் இறங்க நேரம் ஏது? எலுமிச்சையின் புளிப்பு வேறு சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இருக்கலாம். ஒரே ஒரு டியூப்பை வைத்து இதுதான் என்று சொல்ல மாட்டேன், இப்போதுதான் பட்டிருக்கிறேன். நாலைந்து டியூப்பாவது பார்க்க வேண்டும். அவர் குடிக்கிற அளவை அந்த டின்னில் நீ எழுதி வைத்திருக்கிறாயா? இல்லையென்றால் இனி எழுதுவோம். டின்னை அனுப்பாதே. சனிக்கிழமை நான் வருகிறேன். அவ்வளவு டம்ளர் அவருக்குச் சரியா என்று டாக்டரை மட்டும் அதற்குள் கேட்டு வை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் இன்னொன்று உறைத்தது. டிப்போவில் அப்பாவோடு சீட்டு ஆட ஒருவரும் உட்கார மாட்டார்கள் என்று நீதானே சொல்வாய்? எந்தச் சீட்டு யார் கையில் இருக்கிறது என்று பார்த்த மாதிரி சொல்வாராம். அப்படிப்பட்டவர் இரண்டு மாதம் தொடர்ந்து என்னிடம் தோற்றிருக்கிறார். கால் உடைந்து, வேலை போய்விடுமோ என்று நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கையைத் தட்டிக்கொண்டு குதித்தேன், அக்கா. நான்தான் ஜெயித்தேன் என்று இன்று காலை வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எலுமிச்சம்பழம் வாங்கி வை. எனக்குத் தெரிந்துவிட்டது என்று மட்டும் அப்பாவிடம் சொல்லிவிடாதே. அவர் தோற்க வேண்டும்.

தம்பி